கழுவெளி: நம் வயல்களின் கடைசிக் கடைமடை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டும்போது வெள்ளை வெளேரென்று குவித்து வைத்த உப்பைப் பார்த்திருப்பார்கள். அந்த உப்பளங்களுக்கு அப்பால் சேறும் தண்ணீருமாக ஒரு பெரிய வெளி படுத்துக் கிடக்கிறது. வண்டியை நிறுத்தி அதைப் பார்ப்பவர்கள் குறைவு. அதுதான் கழுவெளி. 'கழிவெளி' என்றும் சொல்கிறார்கள். கழி என்றால் உப்பங்கழி. கடல்நீரும் மழைநீரும் கலக்கும் இடம்.

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்திருக்கும் இந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பு, குறுகலான ஓர் ஓடை வழியாக வடக்கே நகர்ந்து, எடையந்திட்டுக் கழிமுகத்தில் வங்கக் கடலைத் தொடுகிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேர், நம்ம கணக்கில் ஏறக்குறைய 12,700 ஏக்கர். 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

பறவை பார்ப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் உழவர்களாகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. திண்டிவனம், மயிலம், வானூர் பக்கத்து ஏரிகளின் கலங்கல் தண்ணீர் ஏரி ஏரியாக இறங்கி, கடைசியில் வந்து சேரும் இடம் இந்தக் கழிதான். வாய்க்காலுக்குக் கடைமடை இருப்பதுபோல இந்த வட்டார வயல்கள் அத்தனைக்கும் இதுதான் கடைமடை. நாம் நிலத்தில் எதைப் போட்டாலும் அதில் ஒரு பங்கு இங்கே வந்து நிற்கும்.

மாதத்துக்கு ஒரு முகம்

கழுவெளியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்த்தாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சித்திரை, வைகாசியில் போனால் வெடித்த சேறும், உப்புப் பூத்த தரையும், நடுவில் மிச்சமிருக்கும் கொஞ்சம் தண்ணீருமாகத்தான் இருக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தங்கிப்போகும். சில இடங்களில் கடல்நீரைவிடக் கூடுதலாகக் கரிக்கும். கடலிலிருந்து வரும் ஓடையில் ஏற்றவற்றம் மட்டும் தினம் நடக்கும். நம் கரையில் கடல் ஏற்றம் பெரிதல்ல, அமாவாசை, பௌர்ணமி நாட்களிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நிலம் தட்டையாக இருப்பதால் அந்த ஒரு மீட்டரே வெகுதூரம் உள்ளே வந்துவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கதையே வேறு. மேற்கிலிருந்து மழைநீர் தள்ளிக்கொண்டு வரும். உப்புநீர் பின்வாங்கும். மார்கழியில் தெற்குப் பக்கம் ஏறக்குறைய நன்னீர் ஏரிபோல இருக்கும், சம்புப் புல்லும் கோரையும் தளதளவென்று நிற்கும். வடக்கே கழிமுகத்தை நெருங்க நெருங்க உப்பு ஏறும். ஒரே நேரத்தில் ஒரு முனையில் நன்னீர், நடுவில் சவர்நீர், மறுமுனையில் கடல்நீர். இந்த மூன்று தண்ணீரும் ஒரே வெளியில் இருப்பதுதான் கழுவெளியின் வளம்.

கழிமுகத்தின் வடகரையில், கடப்பாக்கத்தை ஒட்டி, ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த செங்கல் சுவர்கள் நிற்கின்றன. 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவிடம் கொடுக்கப்பட்ட கோட்டை இது. 1760-இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். 2004 ஆழிப்பேரலை இன்னும் கொஞ்சம் சிதைத்தது. அந்தச் சுவர்மேல் நின்று கிழக்கே பார்த்தால் முதலில் கழியின் அசையாத தண்ணீர், அதற்கப்பால் நீளமான மணல்திட்டு, அதற்கும் அப்பால் அலையடிக்கும் கடல் என்று மூன்று அடுக்காகத் தெரியும். திட்டின்மேல் அடும்புக்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. தை முதல் பங்குனி வரை இந்தக் கரை நெடுகப் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து முட்டையிடுகின்றன. வடக்கே காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரைதான் வருகிறது. ஒரு காலத்தில் அதன் வழியே படகில் சரக்குப் போனது.

சேற்றுக்குள் யார் யார்?

வற்றின நேரத்தில் கழியோரச் சேற்றைப் பார்த்தால் வெறும் சேறாகத்தான் தெரியும். அசையாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் சேறு உயிர் பெறும். முதலில் சின்னச் சின்ன வளைகளிலிருந்து நண்டுகள் தலைகாட்டும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக இருப்பவை ஆண் நண்டுகள். அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். சின்னக் கொடுக்கால் சேற்றை வாயில் போட்டு, அதிலிருக்கும் பாசியையும் மக்கையும் தின்றுவிட்டு, மீதியைச் சின்ன உருண்டையாக உருட்டி வைத்துவிடும். நம் வயலில் மண்புழு செய்யும் வேலையை இங்கே நண்டு செய்கிறது. வளை தோண்டிக் காற்று புகவிடுவதும் அதே கதைதான்.

கரையோரம் அங்கங்கே வெண்கண்டல் மரங்கள் நிற்கின்றன. முன்பு அடர்ந்திருந்த அலையாத்திக் காட்டின் மிச்சம் இவை. சேற்றில் காற்றே கிடையாது என்பதால் வேரைப் பென்சில் பென்சிலாக மேலே நீட்டி மூச்சு விடுகின்றன. வேர் உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியேற்றுகின்றன. இலையின்மேல் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பு கூடுதலான மேட்டில் உமரிச்செடி செக்கச்செவேலென்று படர்ந்திருக்கும்.

மீன்களின் கதை இன்னும் சுவையானது. இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சுகள் சில வாரத்தில் கழிமுகம் வழியாக உள்ளே வந்து, உப்புக் குறைந்த, இரை மிகுந்த இந்தச் சேற்றில் சில மாதம் வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். மடவைக் குஞ்சும் இப்படித்தான் வரும். களிநண்டில் பெண், முட்டையைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போகும். கொடுவா மீன் இளமையில் நன்னீர்ப் பக்கம் ஏறி வளர்ந்து, முட்டையிடக் கழிமுகத்துக்கு இறங்கும். முதலில் ஆணாக இருந்து வயதானபின் பெண்ணாக மாறும் மீன் அது. விலாங்கு இவை எல்லாவற்றையும் மிஞ்சும். பிறப்பது ஆழ்கடலில். பிறகு கழிவழியே ஓடை ஏறி, ஏரி, குளம், கிணறு வரை வந்து பல ஆண்டு வாழ்ந்து, முட்டையிடத் திரும்பக் கடலுக்கே போகும். உங்கள் ஏரி மதகில் ஒரு விலாங்கு பிடிபட்டால், அந்த ஏரிக்கும் கடலுக்கும் வழி இன்னும் அடைபடவில்லை என்று பொருள்.

வலசை வரும் விருந்தாளிகள்

ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை கழுவெளியில் பறவைக் கூட்டம்தான். மத்திய ஆசியாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் வலசைப் பாதையில் இது ஒரு தங்குமிடம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, கருவால் மூக்கன், விதவிதமான உள்ளான்கள், ஆலாக்கள். இவற்றில் சிறு உள்ளானை மட்டும் சொல்கிறேன். எடை 25 கிராம் அளவுதான், ஒரு கைப்பிடி உளுந்துகூட அதைவிடக் கனம். அது சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுப் பொரித்துவிட்டு இங்கே வந்து, நம் சேற்றுப்புழுவைத் தின்று கொழுத்துத் திரும்பிப் போகிறது.

நம் நாட்டுப் பறவைகளும் குறைவில்லை. கூழைக்கடா கூட்டமாக நீந்தி மீனை வளைக்கும். மஞ்சள்மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும், மீன் பட்டதும் படக்கென்று மூடும். நத்தைகுத்தி நாரையை உழவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நடவு வயலில் நத்தை பொறுக்க வருவது அதுதான். இவற்றில் பல, வடக்கே வேடந்தாங்கலில் கூடு கட்டும் இனங்கள். இரை தேடிப் பல மைல் பறப்பவை. வேடந்தாங்கல் உழவர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஏரியில் பறவையைச் சுடக்கூடாது என்று கும்பெனி ஆட்சியரிடம் உத்தரவு வாங்கி வைத்தவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்குத் தனி உரம் வேண்டாம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட கணக்கு. சரணாலயம் என்ற சொல் வருவதற்கு முன்பே உழவன் பறவையைக் காத்தது இப்படித்தான்.

பூச்சிக்கு அடித்தால் இறாலுக்கு ஏன் வலிக்கிறது?

இந்த வட்டாரத்தில் நெல், மல்லாட்டை, உளுந்து, சவுக்கு, தர்பூசணி எல்லாம் விளைகின்றன. தர்பூசணிக்கும் நெல்லுக்கும் எவ்வளவு மருந்து அடிக்கப்படுகிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. இறால், நண்டு, பூச்சி மூன்றும் உயிரியலில் ஒரே பெருங்கூட்டம், கணுக்காலிகள். மேலே ஓடு, கணுக்கணுவான கால், உடல் வளர ஓட்டைக் கழற்றுவது, நரம்பு வேலை செய்யும் விதம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. புகையானையும் தண்டுத்துளைப்பானையும் கொல்லச் செய்த குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின், இமிடாகுளோபிரிட் போன்றவை பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. இறால் குஞ்சுக்கும் அதே நரம்புதான். மனிதர்களுக்கும் மீனுக்கும் ஒன்றும் ஆகாத அளவிலேகூட இறாலும் நண்டுக் குஞ்சும் செத்துவிடும். அவை வளரக் கழிக்குள் வரும் காலமும், சம்பாவுக்கு மருந்து அடித்து மழையில் வயல் வழியும் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

யூரியாவின் கதையும் அதுதான். போட்டதில் பாதிகூடப் பயிருக்குப் போவதில்லை. மிச்சம் காற்றிலும் தண்ணீரிலும் போகிறது. ஓடைவழி கழிக்கு வந்தால் பாசி கொழுக்கும். பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் காற்றைத் தின்றுவிடும். காலையில் மீன் மிதக்கும். காசு கொடுத்து வாங்கிய உரம் வயலுக்கும் ஆகாமல் கழிக்கும் ஆகாமல் போகிறது.

பூமிக்கு அடியில் ஓர் எல்லைக்கோடு

இதுவரை சொன்னது நண்டுக்கும் பறவைக்கும் வரும் கேடு. இனி சொல்வது நம் கிணற்றுக்கு வருவது.

கடலோர நிலத்துக்கு அடியில் நன்னீர், உப்புநீர்மேல் மிதக்கிறது. உப்புநீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். அந்தச் சின்ன வித்தியாசத்தால் ஒரு கணக்கு வருகிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் நிற்கும். அதையே திருப்பிப் பாருங்க. போர் போட்டு இறைத்து நீர்மட்டத்தை ஓரடி இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏறும். பாறை, களிமண் அடுக்கைப் பொறுத்து இது கூடும், குறையும். அடிப்படை இதுதான். மேலே ஏரிகள் நிரம்பி, கழியில் நன்னீர் நின்றால், அந்தக் கனம் உப்பைக் கீழே அமுக்கிப் பிடிக்கும். ஏரி ஆக்கிரமிப்பாலும் தூர்ந்துபோனதாலும் தண்ணீர் வராவிட்டால் உப்பு உள்ளே வரும்.

நெல்லுக்கு மண்ணின் மின்கடத்துதிறன், அதாவது மண் பரிசோதனை அட்டையில் இ.சி. என்று போட்டிருப்பது, 3-ஐத் தாண்டினால் விளைச்சல் இறங்கத் தொடங்கும். கடல்நீருக்கு அது சுமார் 50. கொஞ்சம் கலந்தாலே போதும், வயல் போய்விடும்.

இறால் பண்ணைகள் இந்தச் சிக்கலைக் கூட்டுகின்றன. கடலோரத்தில் நன்னீர் நிலத்துக்கு நடுவே உப்புநீரைத் தேக்கினால் அக்கம்பக்கத்துக் கிணறு கரிக்கும். நாகைப் பகுதியில் இதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைத் தொழிலுக்குத் தடை விதித்தது. பிறகு 2005-இல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து உரிமத்தோடு பண்ணைகளுக்கு வழிவிட்டது. அப்படியானால் உரிமம் இருக்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பது இப்போது ஊராட்சியின், கிராமசபையின் வேலை ஆகிறது.

வாய் திறந்தும் இருக்கவேண்டும், மூடியும் இருக்கவேண்டும்

கழிமுகத்தின் வாய் ஒரே நிலையில் இருப்பதில்லை. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயைக் குறுக்கும், சில காலம் அடைத்தும் விடும். மழைக்காலத்தில் உள்ளிருந்து வரும் வெள்ளம் அதை உடைத்துத் திறக்கும். நமக்கு மழைநாளில் அது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளம் வடியாமல் நாற்று அழுகும். கோடையில் குறுகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு உள்ளே ஏறும். மீனவருக்கோ படகு போய்வர எப்போதும் திறந்திருக்க வேண்டும். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மணலில் தட்டிப் படகு கவிழ்ந்தால் போவது உயிர்.

அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் பகுதியில் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது இதனால்தான். கல் கொட்டி வாயைக் கட்டினால் மணல் ஓட்டம் மாறி அடுத்த குப்பத்தில் கடலரிப்பு வரும், ஆமைக்கரை போகும், உப்பு ஏற்றமும் மாறும். கழிமுகத்தில் எந்தக் கட்டுமானம் வந்தாலும் அதன் விளைவு நம் வயல்வரை வரும் என்பதால், மக்கள் கருத்துக்கேட்பு நடக்கும்போது மீனவரோடு உழவரும் போய் உட்கார வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தபோது இந்த மாவட்டம் வெள்ளக்காடானது. அப்படிக் கொட்டும் தண்ணீரை வாங்கித் தேக்க ஒரு வெளி வேண்டும். கழுவெளியை ஆக்கிரமித்துச் சுருக்கினால் அந்தத் தண்ணீர் நம் வயலில்தான் நிற்கும்.

நாம் செய்யக்கூடியவை

சரணாலயத்தைக் காப்பது வனத்துறையின் வேலை என்று விட்டுவிட முடியாது. சரணாலயத்துக்குத் தண்ணீர் அனுப்புவது நம் நிலம்.

முதலாவது, வரத்து வாய்க்கால். உங்கள் ஏரியின் கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஊராகச் சேர்ந்து ஆடிக்கு முன்பே நடந்து பாருங்கள். சீமைக்கருவேல் மண்டியிருந்தால் வேரோடு எடுங்கள். ஆனால் கழியோரத்தில் கண்டலும் உமரியும் இருந்தால் தொடாதீர்கள்.

இரண்டாவது, வயலின் வடிமுனை. வடிகால் ஓடையில் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பண்ணைக்குட்டையோ, நாலடி அகலத்துக்குக் கோரை, வெட்டிவேர் வரிசையோ இருந்தால், வண்டலும் உரமும் அங்கேயே தங்கும். அந்த வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்கே திருப்பலாம்.

மூன்றாவது, உப்பு ஏறிய நிலம். முதலில் மண்ணைப் பரிசோதித்து உவரா, களரா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜிப்சம் கேட்பது களர். உவர் நிலத்துக்கு வேண்டியது வடிகாலும் மழைநீரால் அலசுவதும். இரண்டுக்குமே தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் தொழுவுரமும் பலன் தரும். ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் நம்மாழ்வார் ஐயாவின் வழிகாட்டுதலில் உப்பேறிய நிலங்கள் இப்படித்தான் மறுபடி விளைந்தன. நம் மரபு நெல்லில் குழியடிச்சான், களர்ப்பாலை, உவர்முண்டான் போன்றவை உப்பைத் தாங்கும். ஒரு மூலையில் பத்து சென்ட்டில் போட்டுப் பார்த்துவிட்டுப் பரப்பைக் கூட்டுங்கள்.

நான்காவது, மருந்து. முழுதாக இயற்கைக்கு மாறாதவர்கள்கூட, மழை வரும் என்று தெரிந்த நாளில் தெளிக்காமல் இருக்கலாம், வயல் வழியும்போது யூரியா வீசாமல் இருக்கலாம். மாறியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேப்பங்கொட்டைக் கரைசலாகவே இருந்தாலும் தெளிப்பானை ஏரியிலோ ஓடையிலோ கழுவ வேண்டாம். பூச்சியைத் தடுக்கும் எதுவும் இறால் குஞ்சுக்கு நல்லதல்ல. வரப்பு மேட்டில் கழுவி ஊற்றினால் போதும்.

ஐந்தாவது, குப்பத்தோடு உறவு. மீன் கழிவை அங்கிருந்து வாங்கிச் சம அளவு வெல்லம் சேர்த்துக் காற்றுப் புகாமல் 21 நாள் வைத்தால் மீன் அமிலம். அவர்களுக்கு நம் நஞ்சில்லா அரிசி, நமக்கு அவர்கள் மீன் கழிவு. இந்தக் கொடுக்கல் வாங்கல் தொடங்கினால், வாய்க்கால் பற்றியும் கழிமுகம் பற்றியும் பேசத் தனிக் கூட்டம் போடவேண்டியிருக்காது.

கழுவெளியைப் பார்க்க நினைப்பவர்கள் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் போங்கள். கரையோடு நில்லுங்கள். சேற்றில் இறங்கி இரை தேடும் பறவையைக் கிளப்பாதீர்கள், இரண்டு மூன்று முறை கிளப்பினாலே அது சேர்த்த கொழுப்புக் கரைந்துவிடும். போய் வந்தபின் உங்கள் வயலின் வடிகால் எந்த ஓடையில், எந்த ஏரியில் போய்ச் சேர்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். வேறு மாவட்டத்தில் இருப்பவர்களுக்கும் அந்த ஓடையின் முடிவில் ஒரு கழியும் அதில் ஒரு நண்டும் கட்டாயம் இருக்கும்.